பிரைட்னஸா, லெவல்ஸா, கர்வ்ஸா?

ஜன்னல் திண்டில் ஒரு கறுப்புப் பூனை. பின்னால் வெயில் பட்ட வெள்ளைத் திரை. கேமரா திரையின் வெளிச்சத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுவிட்டது. பூனை கரிக்கட்டை மாதிரி விழுந்திருக்கிறது. இந்தப் படத்துக்கு வெளிச்சம் கூட்ட வேண்டும். போட்டோஷாப்போ கிம்ப்போ, படம் திருத்தும் எந்த மென்பொருளைத் திறந்தாலும் இதற்கென்று நாலைந்து கருவிகள் கிடக்கின்றன. எல்லாம் ஒரே வேலையைத்தான் செய்கின்றன என்று நினைத்து நானும் வெகுநாள் பிரைட்னஸ் கட்சியில்தான் இருந்தேன்.

ஜேபெக் என்ற வழக்கமான படக்கோப்பில் ஒவ்வொரு பிக்சலுக்கும், அதாவது குட்டிப் புள்ளிக்கும், சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண்கள். ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை; 0 என்றால் முழு இருட்டு, 255 என்றால் முழு வெளிச்சம். அந்த எண்களை எப்படி நகர்த்துகிறது என்பதில்தான் ஒரு கருவிக்கும் இன்னொன்றுக்கும் வித்தியாசம். எளிமைக்காக மூன்றையும் ஒரே எண்ணாக எடுத்து, பூனையின் முதுகு ரோமம் 64, திரையின் நெசவு 220 முதல் 240 வரை என்று வைத்துக்கொள்வோம்.

போட்டோஷாப்பின் பழைய பிரைட்னஸ் ஸ்லைடரை 40 கூட்டினால், அது எல்லா எண்களோடும் கண்ணை மூடிக்கொண்டு 40 சேர்க்கும். 64 என்பது 104 ஆகிவிடும், பூனை தெரியும். ஆனால் 220-ம் 240-ம் 255-ல் போய் முட்டி ஒன்றாகிவிடும். நெசவு போச்சு, திரை வெறும் வெள்ளைத் தாள். அந்தப் பக்கம் 0 ஆக இருந்த கன்னங்கரேல் 40 ஆகி, படம் முழுக்கச் சாம்பல் பூத்ததுபோல் வெளிறும். 2007-ல் வந்த சிஎஸ்3 பதிப்பில் இந்தக் கணக்கை மாற்றினார்கள். இப்போதைய ஸ்லைடர் அவ்வளவு முரடில்லை. பழையதுதான் வேண்டும் என்பவர்களுக்கு ‘லெகசி’ என்று ஒரு கட்டம் இன்னும் இருக்கிறது. டிக் செய்யாமல் விடுங்கள்.

லெவல்ஸ் வேறு ஜாதி. எந்த எண்ணில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமுக்குக் கீழே கறுப்பு, நடு, வெள்ளை என்று மூன்று முக்கோணங்கள். நடு முக்கோணத்தை 1.00-லிருந்து 1.50-க்குக் கொண்டுபோனால் 64 ஏறக்குறைய 101 ஆகும். அதாவது பூனைக்குக் கிடைத்தது பழைய பிரைட்னஸ் கொடுத்த கிட்டத்தட்ட அதே வெளிச்சம்தான். 240 மட்டும் 245-லேயே நின்றுவிடும். 0 அசையாது, 255-ம் அசையாது. நெசவு பிழைத்தது. போட்டோஷாப்பில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு கறுப்பு, வெள்ளை முக்கோணங்களை இழுத்துப் பாருங்கள். எந்த இடத்தில் விவரம் செத்துப்போகிறது என்று மானிட்டரிலேயே காட்டிவிடும். என் அன்றாடக் கருவி இதுதான்.

அப்படியானால் கர்வ்ஸ் எதற்கு? லெவல்ஸில் நடுவே ஒரே ஒரு பிடிதான். திரை 240-லிருந்து 245-க்குக்கூட நகரக் கூடாது, பூனை மட்டும் எழ வேண்டும் என்றால் லெவல்ஸை மட்டும் வைத்து அதற்கு வழியில்லை. கர்வ்ஸில் பழைய எண் எந்தப் புது எண்ணாகும் என்பதை ஒரு கோடு காட்டும். அதில் 240-ல் ஒரு புள்ளி வைத்து ஆணி அடித்துவிட்டு, 64-ல் இன்னொரு புள்ளியை வைத்து மேலே தூக்கலாம். ஆனால் ஓரிடத்தில் கோடு செங்குத்தானால் இன்னோரிடத்தில் படுத்தே தீரும். படுத்த இடத்தில் படம் சப்பென்று ஆகும். கோடு இறங்கவே ஆரம்பித்துவிட்டால் நிறங்கள் தலைகீழாகிப் பேயறைந்த மாதிரி இருக்கும். கோடு செங்குத்தான இடத்தில் நிறமும் சேர்ந்து அடர்த்தியாவது இன்னொரு தொல்லை. திருத்தத்தைத் தனி லேயராக, அதாவது படத்தின் மேல் விரிக்கும் அடுக்காகப் போட்டு, அதன் கலப்பு முறையை ‘லுமினாசிட்டி’க்கு (வெளிச்சம் மட்டும் மாறும் முறை) மாற்றினால் அது அடங்கும். புதிதாக வருபவர்களிடம் ‘தொழில்முறைக்காரர்கள் கர்வ்ஸ்தான் பயன்படுத்துவார்கள்’ என்று சொல்லிப் பயமுறுத்துவது எனக்குப் பிடிக்காது. பத்துப் படத்தில் எட்டுக்கு லெவல்ஸ் போதும்.

கிம்ப்பில் ஒரு நல்ல வசதி: பிரைட்னஸ் பெட்டியிலேயே ‘இதை லெவல்ஸாகத் திருத்து’ என்று ஒரு பொத்தான், லெவல்ஸில் ‘இதைக் கர்வ்ஸாகத் திருத்து’ என்று இன்னொன்று. நீங்கள் இழுத்த ஸ்லைடர் எந்தக் கோடாக மாறுகிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம்.

ஷேடோஸ்-ஹைலைட்ஸ் என்ற கருவியைப் பற்றிக் கொஞ்சம். மற்றவை பிக்சலின் எண்ணை மட்டும் பார்க்கும். இது அக்கம்பக்கத்தையும் பார்த்து, இருண்ட பகுதியை மட்டும் தூக்கும். முதல் இழுப்பில் மயக்கிவிடும். இரண்டாவது இழுப்பில் பூனையின் காதைச் சுற்றிச் சாமி படம் மாதிரி ஒளிவட்டம் வரும், ரோமத்தில் மணல் தூவியதுபோல் நாய்ஸ் எழும்பும். 15, 20-க்கு மேல் நான் போவதில்லை.

எக்ஸ்போஷர் ஸ்லைடர் முக்கியமாக ரா கோப்புக்கு, அதாவது கேமரா பதிவுசெய்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்புக்கு உரியது. ஒரு ஸ்டாப் ஏற்றினால் வெளிச்சம் இரட்டிப்பு. 14 பிட் ராவில் ஒவ்வொரு எண்ணுக்கும் 16,384 படிகள் இருப்பதால் இருட்டைத் தூக்கினாலும் தாங்கும். 256 படிகளே உள்ள ஜேபெக்கில் அதே அளவு இழுத்தால் மென்மையான நிழல்கள் பட்டை பட்டையாகப் பிரியும்.

சரி, என் பூனைக்கு என்ன செய்தேன்? லெவல்ஸைத் தனி லேயராகப் போட்டு நடுவை 1.6 வைத்தேன். அந்த லேயர் எங்கே வேலை செய்ய வேண்டும் என்று சொல்லும் மாஸ்க்கைக் கறுப்பாக்கி (கறுப்பு மறைக்கும், வெள்ளை காட்டும்), மென்மையான வெள்ளைப் பிரஷ்ஷால் பூனைமேல் மட்டும் தடவினேன். திரை தொடாமல் அப்படியே இருக்கிறது. முதுகில் வெயில் பட்ட இடத்தில் ரோமம் லேசான பழுப்பாகத் தெரிகிறது. காதின் உட்பக்கம் மட்டும் இன்னும் இருட்டுதான். அங்கே பதிவானதே 0.