கைமாறிய ஆய்விதழ்: கட்டுரை அனுப்பியவளின் மதிப்பீடு

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆசிரியர் குழுவுக்கு ஐந்தில் நாலரை. புதிய பதிப்பாளரின் இணையத் தளத்துக்கு இரண்டு, அதுவும் கொஞ்சம் தாராளமாகப் போட்டது. இதழின் பெயரைக் கேட்காதீர்கள். களைகள் பற்றிய ஒரு வெளிநாட்டு விஞ்ஞானச் சங்கத்தின் இதழ், அவ்வளவுதான்.

நான் கிளிநொச்சி அறிவியல் நகரில் களைகளோடு மல்லுக்கட்டுகிறவள். அனுப்பிய கட்டுரை பார்த்தீனியம் பற்றியது. தொண்ணூறுகளின் இறுதியில் வவுனியாப் பக்கம் பதிவான இந்தச் செடி, இப்போது ஓமந்தையிலும் புளியங்குளத்திலும் தோட்டக்காரரின் தலைவலி. எந்த மழைக்குப் பிறகு எவ்வளவு முளைக்கிறது என்று பார்த்து எழுதியிருந்தோம். மாரி தொடங்குமுன் கட்டுரை போய்விட்டது. அப்புறம்தான் அறிவிப்பு வந்தது: பிரதம ஆசிரியரின் பதவிக்காலம் முடிகிறது, புதியவர் வருகிறார், கூடவே பதிப்பாளரும் மாறுகிறார். இரண்டும் ஒரே நேரத்தில்!

வெளியே இருப்பவர்களுக்கு ஒரு விளக்கம். இப்படிப்பட்ட இதழில் வயல் சங்கத்துடையது, பதிப்பாளர் குத்தகைக்காரர். தவணை முடிந்தால் சங்கம் வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். அமெரிக்கக் களை விஞ்ஞானச் சங்கம் 2017இல் தன் இதழ்களைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பதிப்பகத்திடம் கொடுத்தது. ‘எவலூஷன்’ இதழ் 2023இல் வைலி என்ற பதிப்பகத்தை விட்டு ஒக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகப் பதிப்பகத்துக்குப் போனது. சண்டை சச்சரவு இல்லாமல் நடக்கிற காரியம்தான். பெயருரிமை பதிப்பாளரின் கையில் இருந்தால்தான் வில்லங்கம். 2015இல் ‘லிங்குவா’ என்ற மொழியியல் இதழின் ஆசிரியர் குழு அதன் பதிப்பாளரான எல்சவியரோடு முரண்பட்டு வெளியேறியபோது பழைய பெயரைக் கொண்டுபோக முடியவில்லை, ‘குளோசா’ என்று புதிதாகத் தொடங்கினார்கள். 2023இல் மூளைப் படிமவியல் இதழான ‘நியூரோஇமேஜ்’ குழுவும் அப்படியே வெளியேறியது. அங்கே பிரச்சினை, வெளியிட ஒரு கட்டுரைக்கு எழுதியவர்களிடம் வாங்கிய 3,450 டொலர் கட்டணம். டொலரை 300 இலங்கை ரூபாய் என்று கணக்குப் போட்டாலே பத்து இலட்சத்தைத் தாண்டுகிறது. அந்தக் காசுக்கு இங்கே ஒரு குழாய்க்கிணறு அடித்து மோட்டாரும் பூட்டலாம்.

சரி, என் கட்டுரைக்கு வருகிறேன். பதிப்பாளர் மாறும்போது கட்டுரை அனுப்பும் மென்பொருளும் பெரும்பாலும் மாறும். ஸ்கொலர்வன் இருந்த இடத்தில் எடிட்டோரியல் மனேஜர் வரும், அல்லது மறுவளமாக. வழக்கம் என்னவென்றால், மீளாய்வில், அதாவது துறைசார்ந்த வேறு ஆய்வாளர்களின் பார்வையில், இருக்கும் கட்டுரைகளைப் பழைய இடத்திலேயே முடித்துவிட்டுப் புதியவற்றை மட்டும் புதிய இடத்தில் வாங்குவது. இங்கே பாதியை முடித்தார்கள், மீதியை மாற்றினார்கள். எங்களுடையது இரண்டிலும் இல்லை. பழைய தளத்தில் ‘மீளாய்வில்’ என்றே நின்றது. புதிய தளமோ, உங்கள் பெயரில் கட்டுரை எதுவும் இல்லை என்றது. உதவிப் பிரிவுக்கு எழுதினால் ஒரு முறைப்பாட்டு எண் வரும். மறுபடி எழுதினால் இன்னொரு எண். காலபோக நெல் கதிராகிவிட்டது, எங்கள் கட்டுரை அசையவில்லை.

கடைசியில் பதிப்பாளரை விட்டுவிட்டுச் சங்கத்தின் செயலாளருக்கு எழுதினேன். அவர் அதைப் புதிய பிரதம ஆசிரியருக்கு அனுப்ப, மறுநாள் காலை அந்த அம்மாவிடமிருந்தே பதில் வந்தது. இரண்டு மீளாய்வாளர்களும் அறிக்கைகளை எப்போதோ கொடுத்துவிட்டார்களாம், அவை பழைய தளத்தில் கிடந்திருக்கின்றன. தானே எடுத்து வாசித்து, எதைத் திருத்தவேண்டும், எதை விடலாம் என்று தன் கைப்பட எழுதியிருந்தார். இரண்டாவது மீளாய்வாளர் கேட்ட பைங்குடில் பரிசோதனை தேவையில்லை, வயல் தரவே போதும் என்று அவர் எழுதியதை நான் இரண்டு தரம் வாசித்தேன். முன்பு இருந்தவர் நல்ல மனிதர்தான், ஆனால் மீளாய்வாளர் சொன்னதை அப்படியே அனுப்பிவிடுவார். நாலரை மதிப்பெண் இதற்குத்தான்.

அவர் கொண்டுவந்த இன்னொரு மாற்றம், ஆங்கிலச் சுருக்கத்தோடு ஆய்வு நடந்த இடத்தின் மொழியிலும் ஒரு சுருக்கம் போடலாம் என்பது. நாங்கள் தமிழில் கொடுத்தோம். விவசாயப் போதனாசிரியர்கள் ஆங்கிலக் கட்டுரையைத் தேடிப் போய் வாசிக்கப் போவதில்லை. இந்த ஒரு பக்கத்தை அச்சடித்துக் கொடுக்கலாம். ஆனால் புரூஃப் வந்தபோது தலையில் கைவைத்தேன். கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், இடையில் புள்ளி வட்டங்கள். ‘கொத்து’ எல்லாம் சிதறிக் கிடந்தது. வேடிக்கை என்னவென்றால், பக்க வடிவமைப்பைப் பதிப்பாளர் ஒப்படைத்திருந்தது சென்னையில் ஒரு நிறுவனத்திடம். மின்னஞ்சலின் அடியில் இருந்த பெயரைப் பார்த்துவிட்டுத் தமிழிலேயே எழுதினேன். “ஃபாண்ட் பிரச்சனை மேடம், சரி பண்ணிட்டோம்” என்று பின்னேரமே திருத்திய பிரதி வந்தது. இந்த முழுச் சங்கிலியிலும் பதிப்பாளர் பக்கத்தில் மனிதராகப் பேசியவர் அந்தத் தம்பி ஒருவர்தான்.

பழைய இதழ்கள் பற்றியும் சொல்லவேண்டும். நீளமான இணைய முகவரிகளைச் சேமித்து வைத்தவர்களுக்கு இணைப்புகள் அறுந்துவிட்டன. டிஓஐ எண்ணை, அதாவது ஒவ்வொரு கட்டுரைக்கும் கொடுக்கும் நிரந்தர அடையாள எண்ணை, வைத்திருந்தவர்களுக்குப் பிரச்சினையே இல்லை; பதிப்பாளர் மாறினாலும் அந்த எண் மாறாது, அது போய்ச் சேரும் முகவரியை மட்டும் புதுப்பிப்பார்கள். என் மாணவர்களின் உசாத்துணைப் பட்டியல்கள் தப்பியது அதனால்தான். இதழ்கள் இப்படி இடம் மாறும்போது யார் எதைக் கையளிக்கவேண்டும் என்பதற்கு ‘டிரான்ஸ்ஃபர்’ என்று ஒரு நடத்தைக் கோவையே இருக்கிறது. கையெழுத்திடும் பதிப்பாளர்கள் பலர். அதில் உள்ளதைப் பார்த்துச் செய்திருந்தாலே பாதிச் சிக்கல் வந்திராது.

கட்டணப் பக்கத்தில் கவனமாக இருங்கள். இது சந்தா இதழ். பணம் கட்டாமலும் கட்டுரை வெளிவரும். ஆனால் புதிய தளத்தில் திறந்த அணுகல் (எழுதியவர் பணம் கட்ட, எல்லாரும் இலவசமாக வாசிப்பது) என்ற பெட்டியில் சரி அடையாளம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கிறது, பக்கத்தில் டொலரில் விலை. கட்டணமில்லாத தெரிவு கீழே சின்ன எழுத்தில். பழைய பதிப்பாளர் இரண்டையும் அருகருகே வைத்திருந்தார். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 350ஐத் தாண்டிப் போனதைப் பார்த்த நமக்கு அந்தப் பெட்டி எவ்வளவு பெரியது என்று அவர்களுக்கு விளங்காது. சலுகை கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு, ஆனால் கட்டுரை ஏற்கப்படுமுன் கேட்கவேண்டும் என்பதை எங்கோ ஒரு மூலையில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

மறுபடி அனுப்புவேனா? அனுப்புவேன். சிறுபோகத் தரவோடு என் மாணவி ஒருத்தி எழுதிக்கொண்டிருக்கிறாள். அதுவும் அங்கேதான் போகிறது. இந்தப் பிரதம ஆசிரியர் இருக்கும்வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அனுப்புவதென்றால் ஓர்கிட் எண்ணை (ஆய்வாளருக்கான அடையாள எண்) இணைத்தே கணக்குத் திறவுங்கள், அனுப்பியதும் வரும் உறுதிக் கடிதத்தை அழித்துவிடாதீர்கள், ஏதாவது சிக்கினால் உதவிப் பிரிவோடு மினக்கெடாமல் நேரே சங்கத்துக்கு எழுதுங்கள்.