மாவுக்கே ஐஸ் வெக்கிறோம், ரத்தத்துக்கு வெக்க மாட்டீங்களா? – டெல்லில வீட்டுக்கு வந்து சாம்பிள் எடுக்குற லேப் பத்தி

ஸ்டார் முதல்லயே சொல்லிடறேன், அஞ்சுக்கு ரெண்டு. அந்த ரெண்டும் ஊசி குத்தி ரத்தம் எடுத்த பையனுக்கு, லேபுக்கு இல்ல. லேப் பேர் போடல, ஏன்னா பேர் போட்டா அந்த ஒரு லேப் மட்டும்தான் மோசம்னு நினைச்சுட்டு பக்கத்துல இன்னொண்ணுல போய் இதே கூத்துல மாட்டுவீங்க.

நான் முனிர்கால இட்லி மாவு அரைச்சு விக்கிறவன். ஆர்.கே.புரம், வசந்த் விஹார் வரைக்கும் டெலிவரி. டாக்டரும் இல்ல, பயாலஜி படிச்சவனும் இல்ல, பி.காம். ஆனா சூடு பட்டா கெட்டுப் போற சரக்கை மே மாச டெல்லி வெயில்ல எப்படி எடுத்துட்டுப் போகணும்னு எனக்குத் தெரியும், அந்த ஒரு தகுதி போதும் இந்த ரிவ்யூ எழுத.

விஷயம் என்னன்னா, மார்ச் மாசம் அக்கா பையனுக்கு (16 வயசு, பதினொண்ணாவது) திடீர்னு காய்ச்சல், கழுத்தைக் குனிய முடியல, கால்ல செவப்பும் ஊதாவுமா புள்ளி புள்ளியா வந்துச்சு. ராத்திரி ஒரு மணிக்கு ஆட்டோல அள்ளிப் போட்டுட்டு ஓடினோம். முதுகுல தண்ணி எடுத்துப் பாத்துட்டு மெனிஞ்சோகாக்கஸ்னு சொன்னாங்க, மூளைக்காய்ச்சல் கிருமி. வீட்ல இருந்த எல்லாருக்கும், எனக்கும் சேர்த்து, தடுப்புக்கு மாத்திரை கொடுத்தாங்க. 2005ல இதே கிருமி டெல்லில பரவினப்போ நான் இந்த ஊருக்கு வந்த புதுசு, அப்போ பேப்பர்ல படிச்சதோட சரி, நம்ம வீட்டுக்குள்ளயே வரும்னு யார் நெனச்சா. நல்லவேளை, பையன் பத்து நாள்ல எழுந்து உக்காந்துட்டான், "மாமா ஒரு ரவா தோசை"ன்னு கேட்டான், எங்கக்கா அழுதே அழுதா.

டிஸ்சார்ஜ் அப்போ டாக்டரம்மா (பாலக்காட்டுக்காரங்க, தமிழ் நம்மள விட நல்லா பேசுவாங்க) ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாங்க. சி3, சி4, சிஎச்50. ரத்தத்துல கிருமியோட சண்டை போடுற காம்ப்ளிமென்ட்ங்கற புரோட்டீனுங்களுக்கு டெஸ்ட்டாம். இப்ப வேணாம், நோய் நடக்குறப்போ இதெல்லாம் செலவாகிட்டு இருக்கும், கம்மியாத்தான் காட்டும், ஒரு மாசத்துக்கு மேல ஆகட்டும்னாங்க. இந்தக் கிருமி வந்தவங்கள்ல சில பேருக்கு பொறவியிலயே காம்ப்ளிமென்ட்ல ஒரு பார்ட் மிஸ்ஸிங்கா இருக்கும், இருந்தா திரும்பத் திரும்ப வரலாம், அதனால பாத்துடலாம்னாங்க.

மே மாசம் ஆச்சு. ஆப்ல புக் பண்ணோம். ஸ்லாட் காலைல ஏழு டூ எட்டு. லேப் பையன் வந்தது பதினொண்ணு நாப்பதுக்கு. பாவம் அவனை ஒண்ணும் சொல்றதுக்கில்ல, காலைல இருந்து எட்டு வீடு முடிச்சுட்டு வர்றான், சட்டையெல்லாம் நனைஞ்சு போயிருந்துச்சு, அக்கா மோர் கொடுத்தா, ஒரே குத்துல வெய்ன் புடிச்சுட்டான், வலிக்கவே இல்லன்னான் அக்கா பையன். அந்த ரெண்டு ஸ்டார் இதுக்குத்தான். ஆனா டியூபை எடுத்து எங்க வெச்சான் தெரியுமா, முதுகுல மாட்டுற பேக்ல, சைட் ஜிப்ல. ஐஸ் பாக்ஸ் இல்லையா பையான்னு கேட்டேன். ஜெல் பேக் காலைலயே உருகிடுச்சு, ஒண்ணும் ஆகாது, இன்னும் நாலு வீடு இருக்குன்னுட்டு பைக்கை கெளப்பிட்டான். வெளில 44 டிகிரி. நான் ஒரு கிலோ 70 ரூபா மாவுக்கு தெர்மோகோல் பொட்டில ஐஸ் போட்டு அனுப்பறேங்க, இல்லன்னா செக்டர் 4 போறதுக்குள்ள பொங்கி மூடியத் தள்ளிடும். அப்பவே மனசுல இடிச்சுது, ஆனா லேப்காரனுக்குத் தெரியாததா நமக்குன்னு விட்டுட்டேன், அது என் தப்பு.

நாலு நாள் கழிச்சு ரிப்போர்ட் பிடிஎஃப் வந்துச்சு. சி3 112, நார்மல். சி4 24, நார்மல். சிஎச்50 மட்டும் கிட்டத்தட்ட ஜீரோ, செவப்பு எழுத்துல. கீழ வழக்கமான அந்த ஒரு வரி, கிளினிக்கலா கோரிலேட் பண்ணிக்கோங்கன்னு. இந்த வரிய எழுதுறவன் மட்டும் என் கைல கெடச்சான்னா...

அக்கா உடனே கூகுள் பண்ணிட்டா. சி3யும் சி4ம் நார்மலா இருந்து சிஎச்50 மட்டும் ஜீரோன்னா கடைசி பார்ட்ஸ்ல, அதாவது சி5ல இருந்து சி9 வரைக்கும், ஏதோ ஒண்ணு பொறவியிலயே இல்லாம இருக்கலாம்னு போட்டிருக்கு. டாக்டர் பயந்த அதே விஷயம். அப்பா அம்மா ரெண்டு பேர்கிட்ட இருந்தும் கெட்டுப் போன ஜீன் வந்தாத்தான் இது வரும், சொந்தத்துல கல்யாணம் பண்ணினா சான்ஸ் ஜாஸ்தின்னும் இருக்கு. அத்தான் எங்க தாய்மாமா பையன். அவ்ளோதான், வீடு ரெண்டாச்சு. அம்மா தஞ்சாவூர்ல இருந்து போன் பண்ணி நான் அப்பவே வெளில பாக்கலாம்னு சொன்னேன்ங்கறாங்க (சொல்லவே இல்ல, அவங்கதான் நின்னு முடிச்சு வெச்சாங்க). அத்தான் ரெண்டு நாள் யாரோடயும் பேசல. சின்னவளுக்கும் டெஸ்ட் எடுக்கணுமான்னு அக்கா ராத்திரி முழுக்க தூங்கல. ஒரு டியூப் வெயில்ல போனதுக்கு இவ்ளோ பெரிய கலவரம்.

ரிப்போர்ட்டை தூக்கிட்டு டாக்டரம்மாகிட்ட போனோம். ரிசல்ட்டைப் பாத்த உடனே அவங்க கேட்ட முதல் கேள்வி, "ரத்தம் எப்போ எடுத்தாங்க, லேபுக்கு எப்போ போச்சு?" ரிப்போர்ட்லயே இருந்துச்சு, நாங்கதான் கவனிக்கல. எடுத்தது 11.40, லேப்ல வாங்கினது சாயந்திரம் 6.52. ஏழு மணி நேரம் டெல்லி வெயில்ல பைக் சவாரி. சிரிச்சுட்டாங்க. இதை வெச்சு எதுவும் சொல்ல முடியாது, பையனுக்குக் குறையா சாம்பிளுக்குக் குறையான்னே தெரியாது, ரெண்டுமே பேப்பர்ல ஒரே மாதிரிதான் தெரியும்னாங்க.

அன்னைக்கு ஓபிடில கூட்டம் கம்மி, அதனால பொறுமையா வெளக்கினாங்க, மிச்சத்தை வீட்டுக்கு வந்து நானே தேடிப் படிச்சேன். காம்ப்ளிமென்ட்ங்கறது நம்ம ரத்தத்துல எப்பவும் ஓடிட்டு இருக்குற முப்பது சொச்சம் புரோட்டீன், பெரும்பாலும் ஈரல்ல தயாராகுது. சரவெடி மாதிரி கோத்து வெச்சிருக்கு, ஒண்ணு பத்திக்கிச்சுன்னா அடுத்ததை வெட்டி விடும், அது அதுக்கு அடுத்ததை. வரிசை மட்டும் 1, 4, 2, 3ன்னு போகும், கண்டுபிடிச்ச வரிசையில நம்பர் போட்டுட்டாங்களாம், ஆர்.கே.புரம் செக்டர் நம்பரை நம்பி என் புது டெலிவரி பையன் சுத்தின சுத்துதான் ஞாபகம் வந்துச்சு.

பத்த வெக்க மூணு வழி. கிருமி மேல ஏற்கனவே ஆன்டிபாடி ஒட்டியிருந்தா அதைப் பாத்து சி1 கெளம்பும். கிருமியோட தோல்ல இருக்குற ஒரு மாதிரி சர்க்கரையை அடையாளம் பாத்து கெளம்புறது இன்னொரு வழி. மூணாவதுதான் எனக்கு ரொம்ப புடிச்சது, யாரும் கூப்பிடவே வேணாம், சி3 சும்மாவே கொஞ்சம் கொஞ்சமா தானா ஒடைஞ்சுட்டே இருக்கும், எது பக்கத்துல இருக்கோ அது மேல போய் ஒட்டிக்கும். நம்ம செல் மேல ஒட்டுனா அதை உடனே அணைச்சு விடறதுக்கு நம்ம உடம்புல தனியா காவல் புரோட்டீன் இருக்கு, கிருமிக்கு பெரும்பாலும் அது கிடையாது, அதனால அங்க மட்டும் ஒண்ணு பத்தாகி பத்து நூறாகி மளமளன்னு மூடிடும். அதாவது அடுப்பை எப்பவுமே சிம்ல எரிய விட்டிருக்கு நம்ம உடம்பு.

மூணு வழியும் சி3ல வந்து ஒண்ணா சேருது. அங்க இருந்து ஒடைஞ்ச துண்டுங்க ஒவ்வொண்ணும் ஒரு வேலை பாக்குது, பெரிய துண்டு கிருமி மேல ஒட்டி "இதை சாப்டு"ன்னு வெள்ளையணுக்களுக்கு லேபிள் போடும், சின்னத் துண்டுங்க ஆளைக் கூப்பிட்டு அந்த எடத்தை வீங்க வெக்கும். கடைசியா சி5ல இருந்து ஒரு துண்டும் 6, 7, 8ம் சேர்ந்து கிருமி மேல உக்காந்து, அதுல சி9 நெறய வளையமா கோத்து, பத்து நானோமீட்டர் அகலத்துல ஒரு ஓட்டை போட்டுடும். உள்ள தண்ணி பூந்து கிருமி வெடிச்சுடும்.

தடிச்ச சுவர் இருக்குற கிருமிங்ககிட்ட இந்த ஓட்டை பாச்சா பலிக்காது, ஆனா மெனிஞ்சோகாக்கஸுக்கு சுவர் மெல்லிசு, அதுக்கு மேல ஒரு வழுக்குற போர்வை போத்திட்டு வெள்ளையணுகிட்ட இருந்து நழுவிடும், அதனால அதைக் கொல்ல நமக்கு இருக்குற நல்ல ஆயுதம் இந்த ஓட்டைதான். சி5ல இருந்து சி9ல ஒண்ணு இல்லாதவங்க மத்த கிருமியெல்லாம் ஓரளவு சமாளிச்சுடுவாங்க, இந்தக் கிருமியோட இனம் மட்டும் திரும்பத் திரும்ப வர சான்ஸ் ஜாஸ்தி. எக்குலிசுமாப்னு ஒரு மருந்து இருக்கு, 2007ல வந்தது, ரத்த செல்லை தன்னோட காம்ப்ளிமென்ட்டே ஒடைக்கிற ஒரு நோய்க்காக சி5ஐயே கட்டிப் போடும், அதை எடுக்கறவங்களுக்கு முதல்ல மெனிஞ்சோகாக்கஸ் தடுப்பூசி போட்டே ஆகணும், காரணம் இதேதான்.

இப்ப டெஸ்ட் கதைக்கு வாங்க. சி3, சி4 டெஸ்ட் அளவை மட்டும்தான் பாக்குது, அந்தப் புரோட்டீன் ஒடைஞ்சு கெடந்தாலும் எண்ணிடும். ஆபீஸ் அட்டெண்டன்ஸ் மாதிரி, ஆள் வந்திருக்கான்னு தெரியும், வேலை பாக்குறானான்னு தெரியாது. சிஎச்50தான் வேலையைப் பாக்கும். செம்மறி ஆட்டு ரத்த செல்லை எடுத்து, அதுல ஆன்டிபாடி தடவி, நம்ம சீரத்தை (ரத்தம் உறைஞ்சதும் மேல தெளியுற தண்ணி) ஊத்தி, பாதி செல் வெடிக்க எவ்ளோ சீரம் தேவைப்படுதுன்னு அளப்பாங்க. ஒன்பது பார்ட்டும் உயிரோட இருந்தாத்தான் வெடிக்கும், ஒண்ணு செத்தாலும் கோவிந்தா. இந்த பார்ட்ஸ்ல சிலது சூடு தாங்கவே தாங்காது, போதாக்குறைக்கு டியூபுக்குள்ளயும் அந்த சிம் அடுப்பு எரிஞ்சு சரக்கைத் தீத்துட்டே இருக்கும், புதுசா போட ஈரல் அங்க இல்ல. அதான் சி3, சி4 நல்ல நம்பரும் சிஎச்50 முட்டையும் வந்துச்சு.

எனக்கு வயித்தெரிச்சல் எங்கன்னா, சூடு பட்டா செத்துடும்ங்கறதை வெச்சுத்தான் இதைக் கண்டே புடிச்சாங்க. 1890கள்ல பாரிஸ்ல ஜூல் போர்டேன்னு ஒரு பெல்ஜியம்காரர், கிருமியைக் கொல்ற சீரத்தை 55 டிகிரில சூடு பண்ணா அது கொல்றதை நிறுத்திடுது, வேற ஒரு ஃப்ரெஷ் சீரம் கொஞ்சம் சேத்தா திரும்ப கொல்லுதுன்னு காட்டினார். சூடு தாங்குறது ஆன்டிபாடி, தாங்காதது இது. காம்ப்ளிமென்ட்ன்னு பேர் வெச்சது எர்லிக்ன்னு ஒரு ஜெர்மன் விஞ்ஞானி, போர்டேக்கு 1919 நோபல் பரிசு. நூறு வருஷத்துக்கு மேல பழைய சமாச்சாரம், ஆப்ல ஹோம் கலெக்‌ஷன் பட்டன் வெச்சவனுக்கு மட்டும் தெரியல.

ரெண்டாவது தடவை ஆஸ்பத்திரி லேப்லயே எடுத்தோம். செவப்பு மூடி டியூப், அரை மணி நேரம் உறைய விட்டாங்க, சுத்தினாங்க, மேல தெளிஞ்ச சீரத்தை மட்டும் சின்ன குப்பில எடுத்து உடனே ஃப்ரீசர்ல, அங்கருந்து டிரை ஐஸ்ல பெரிய லேபுக்கு. நான் கூடவே நின்னு பாத்தேன், அந்த அம்மா என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. கூடவே ஏஎச்50ன்னு ஒண்ணும் சேத்தாங்க, அந்த மூணாவது வழிக்குத் தனி டெஸ்ட், ஏன்னா அந்த வழில ப்ராபர்டின்ங்கற ஒரு பார்ட் இல்லாமப் போறது பசங்களுக்குத்தான் பெரும்பாலும் வரும், அதை சிஎச்50 காட்டிக் கொடுக்காது.

அஞ்சாவது நாள் ரிசல்ட். ரெண்டும் நார்மல். அத்தான் அன்னைக்கு மலை மந்திர் போயிட்டு வந்து எனக்கு விபூதி பூசி விட்டார், அப்புறம்தான் பேச ஆரம்பிச்சார். தடுப்பூசி எப்படியும் போட்டுக்கச் சொன்னாங்க, போட்டாச்சு.

கஸ்டமர் கேர் பத்தி ஒரு வரி. நாலு தடவை போன் பண்ணேன், நாலு தடவையும் சாம்பிள் எல்லாம் டெம்பரேச்சர் கன்ட்ரோல்லதான் போகுது சார்ன்னாங்க. 11.40க்கும் 6.52க்கும் நடுவுல எங்க இருந்துச்சு, உங்க ரிப்போர்ட்லயே இருக்கேன்னு கேட்டா லைன் கட். 2,400 ரூபா கட்டினதுக்கு கடைசியா வந்தது 200 ரூபா கூப்பன். நீங்க சிஎச்50 எழுதி வாங்கினா, சென்ட்ரிஃப்யூஜும் (ரத்தத்தை சுத்துற மெஷின்) ஃப்ரீசரும் ஒரே கட்டடத்துல இருக்குற எடத்துக்கு நேரா நடந்து போங்க, வீட்டுக்குக் கூப்பிடாதீங்க.

கூப்பன் டிசம்பர் வரைக்கும் வேலிட். தைராய்டு டிஎஸ்எச் எடுக்க வேண்டியவங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, அது அவ்ளோ சீக்கிரம் கெட்டுப் போறதில்லயாம், கோட் அனுப்பறேன்.