கியர் பாக்ஸ் ஆயில் பரிசோதனை: சில சீசன் அனுபவமும் ஒரு மஞ்சள் கட்டமும்

ராதாபுரம் பக்கம் பழைய காத்தாடி (மின்சாரம் எடுக்கும் காற்றாலை) ஒன்றை வாங்கியிருக்கும் தம்பி ஒருவர் போனில் கேட்டார்: "அண்ணாச்சி, ஆயிலை டெஸ்ட்டுக்கு அனுப்புறது நெசமாவே பிரயோஜனமா, இல்ல லேப்காரன் பிழைக்கதுக்கா?" பதில் சொல்ல ஆரம்பித்துப் பாதியில் எனக்கே கோபம் வந்துவிட்டது. அதனால் எழுதிவிடுகிறேன்.

ஆயில் பரிசோதனை என்றால் என்ன என்று நீட்டி விளக்கப் போவதில்லை; ஓடிய ஆயிலில் கொஞ்சம் எடுத்து அனுப்பினால், அதில் கலந்திருக்கும் உலோகம், தூசி எவ்வளவு என்று லேப் அளந்து சொல்லும். பணகுடிக்குக் கிழக்கே நிற்கும் என் இயந்திரங்கள் பழைய தலைமுறை. கியர் பாக்ஸில் வி.ஜி. 320 (எவ்வளவு கெட்டி என்று சொல்லும் எண்) சிந்தெடிக் ஆயில், மெயின் பேரிங்கில் கிரீஸ். காற்று தொடங்கும் முன் பங்குனியில் ஒரு சாம்பிள், அடங்கிய பின் ஐப்பசியில் ஒன்று. சில வருஷமாக இதுதான் வழக்கம்.

முதலில் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன். சிலிக்கான்.

ரிப்போர்ட்டில் ஒவ்வொரு தனிமத்துக்கும் ஒரு கட்டம் உண்டு. பச்சை, மஞ்சள், சிவப்பு. என் ரிப்போர்ட்டில் சிலிக்கான் கட்டம் எப்போதும் மஞ்சள்தான். கீழே ஒரு வரி: "தூசி புகுந்திருக்கலாம். பிரீதர், சீல்களைச் சரிபார்க்கவும். மறு சாம்பிள் அனுப்பவும்." பிரீதர் என்றால் கியர் பாக்ஸ் மூச்சுவிடும் காற்று வடிகட்டி. முதல் தடவை இதைப் பார்த்ததும் பதறிப்போய் ஆளை டவரில் ஏற்றினேன். பிரீதரும் நன்றாக இருந்தது, சீலும் நன்றாக இருந்தது. தூசி அரைத்திருந்தால் ஏற வேண்டிய உலோகங்களில் இரும்பு குறைவு, தாமிரம் இல்லவே இல்லை என்று சொல்லலாம். பிறகு எங்கிருந்து வந்தது சிலிக்கான்? ஆயிலில் நுரை கட்டாமல் இருக்கத் தயாரிப்பாளரே சிலிக்கான் உள்ள மருந்தைச் சேர்ப்பதுண்டு. சரி, பார்த்துவிடலாம் என்று புது டிரம்மின் சீலை உடைத்த கையோடு ஒரு பாட்டில் பிடித்து அனுப்பினேன். அதிலும் கிட்டத்தட்ட அதே அளவு. அதற்கும் மஞ்சள்! கடையிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய டிரம்முக்குப் பிரீதரைச் சரிபார்க்கச் சொன்ன அந்த ரிப்போர்ட்டை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

லேப்புக்குப் போன் போட்டு, "புது ஆயிலில் இருக்கும் அளவைக் கழித்துவிட்டுப் பாருங்க சார்" என்றேன். "கண்டிப்பா சார்" என்றார்கள். அடுத்த ரிப்போர்ட்டும் மஞ்சள். அவர்கள் சாஃப்ட்வேரில் கியர் பாக்ஸ் என்றால் ஊருக்கெல்லாம் ஒரே வரம்பு. சிமெண்ட் ஆலையின் கியர் பாக்ஸுக்கும் என் காத்தாடிக்கும் அதே கோடு.

இதை வெறும் தலைவலி என்று விட்டுவிட முடியாதபடி ஒன்று நடந்தது. ஒரு ஐப்பசி சாம்பிளில் சிலிக்கான் கொஞ்சம் கூடியிருந்தது, கூடவே அலுமினியமும் ஏறியிருந்தது. நம் பக்கத்துச் செம்மண்ணில் இரண்டும் உண்டு. நுரை மருந்து என்றால் சிலிக்கான் மட்டும்தான் காட்டும். மண் புகுந்தால் இரண்டும் சேர்ந்து ஏறும். ஆயிலில் மிதக்கும் துகள்களை அளவுவாரியாக எண்ணிப் போடும் குறியீடும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டு படி கூடியிருந்தது. ஒரு படி என்றால் இரட்டிப்பு. இரண்டு படி என்றால் நான்கு மடங்கு அழுக்கு. மேலே போய்ப் பார்த்தால் பிரீதர் அடியில் விரிசல் விட்டுக் கிடக்கிறது. குவாரி லாரி ஓடும் பாதைக்குப் பக்கத்து இயந்திரம் அது, கேட்கவா வேண்டும்.

அந்த ரிப்போர்ட்டில் என்ன எழுதியிருந்தார்கள் தெரியுமா? "தூசி புகுந்திருக்கலாம். பிரீதர், சீல்களைச் சரிபார்க்கவும். மறு சாம்பிள் அனுப்பவும்." எழுத்துப் பிசகாமல் அதே வரி, அதே மஞ்சள். பராமரிப்பு ஒப்பந்தக்காரர்களோ அதைப் படிப்பதையே எப்போதோ நிறுத்திவிட்டார்கள். அவர்களை மட்டும் குறை சொல்லி என்ன செய்ய.

இனி நியாயத்துக்கு வருகிறேன். அந்த எண்கள் இருக்கின்றனவே, அவை தங்கம்.

ஒரு சம்பவம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு தடவை எல்லாக் கட்டமும் பச்சை (சிலிக்கான் நீங்கலாக, அது தனி ஜாதி). பாகுநிலை, அதாவது ஆயிலின் கெட்டித்தன்மை, 298. வி.ஜி. 320 ஆயிலுக்கு 40 டிகிரியில் 288 முதல் 352 வரை ஏற்கத்தக்கது, ஆகவே பச்சை. ஆனால் அதே இயந்திரம் அதற்கு முன்பு 318 காட்டியது. சூடுபட்டுப் பழசாகும் ஆயில் சாதாரணமாகக் கெட்டியாகும், இப்படி இளகாது. கண்ணை ஓட்டினால் மூலையில், நிறமே இல்லாத கூடுதல் மருந்துகள் வரிசையில், ஜிங்க் 11 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 11 பங்கு). அதுவரை ஒன்று, இரண்டைத் தாண்டியதில்லை. என் கியர் ஆயிலில் ஜிங்க் கிடையாது. பிரேக்குக்கு மேலே வைத்திருக்கும் ஹைட்ராலிக் ஆயிலில் உண்டு. அதன் பாகுநிலை வெறும் 46.

கதை புரிந்துவிட்டதா? லெவல் குறைந்திருக்கிறது, கியர் ஆயில் கேனைத் தூக்கிக்கொண்டு டவர் ஏற அலுப்பு, மேலேயே இருந்த ஹைட்ராலிக் கேனைச் சாய்த்திருக்கிறார்கள். ஒப்பந்தக்காரரைக் கேட்டேன். "சார், நம்ம பசங்க அப்படிச் செய்ய மாட்டாங்க" என்றார். காகிதத்தை நீட்டினேன். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஒரு நிமிஷத்துக்காகவே அதுவரை லேப்புக்குக் கட்டிய பணம் முழுவதும் தகும். ஆனால் கவனியுங்கள், இதைப் பிடித்தது பழைய ரிப்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த கண். லேப் தீட்டிய நிறம் பச்சை.

இன்னொன்றும் தம்பிக்குத் தெரிந்திருக்க வேண்டும். இரும்பு பி.பி.எம். குறைவு என்றால் பல்சக்கரம் நலம் என்று தூங்கிவிடக் கூடாது. லேப்பில் உலோகத்தை அளக்கும் கருவி ஏறக்குறைய 5 முதல் 8 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வரையுள்ள துகளைத்தான் சரியாகப் பார்க்கும். பல் பொரிந்து விழும் பெரிய சில்லு அதன் கண்ணில் படாது. அதற்குக் காந்த முறையில் அளக்கும் பி.க்யூ. என்ற எண் வேண்டும். சில லேப்களில் கேட்டால்தான் செய்வார்கள். கேளுங்கள். ஃபில்டர் மாற்றும்போது பழையதை அறுத்துப் பார்ப்பதையும் விட வேண்டாம்.

சாம்பிள் எடுப்பதுதான் பெரும்பாடு. ஆயில் சூடாக இருக்கும்போது, இயந்திரம் நின்ற கொஞ்ச நேரத்துக்குள், எப்போதும் ஒரே இடத்தில், முதலில் வருவதைக் கொட்டிவிட்டுப் பிடிக்க வேண்டும். ஒரு பையன் டிரெய்ன் பிளக்கைத் திறந்து அடியில் தங்கியிருந்த கசடைக் குடிநீர் பாட்டிலில் பிடித்து வந்தான். ரிப்போர்ட் ரத்தச் சிவப்பு. ஆடியில் இயந்திரத்தை நிறுத்த மனசு வராது, ஆளும் ஏற முடியாது. அதனால்தான் என் கணக்கு பங்குனி, ஐப்பசி. லேப் கட்டணம் பெரிதில்லை. ஆளை ஏற்றி, இயந்திரத்தை நிறுத்தி, கூரியர் போட்டு அனுப்புவதற்குள் சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

கிரீஸைப் பற்றி அதிகம் சொல்ல என்னிடம் இல்லை. ஆயிலைப் போல அது சுற்றி ஃபில்டர் வழியாக வருவதில்லை, அதனால் இரும்பு அளவு எக்கச்சக்கமாகத் தெரியும். பயப்பட வேண்டாம், போன தடவையோடு ஒப்பிட்டால் போதும். சீல் ஓரத்தில் பிதுங்கி நிற்பதை வழித்து அனுப்பாதீர்கள். நிறத்தைப் பார்த்து இதுவும் அதுவும் ஒன்றுதான் என்று லித்தியம் காம்ப்ளெக்ஸ் கிரீஸோடு பாலியூரியா என்ற வேறு வகை கிரீஸைக் கலக்கவும் விடாதீர்கள்; சில ஜோடி சேர்ந்தால் மோர் மாதிரி இளகி ஓடிவிடும்.

மார்க் போடச் சொன்னால் ஐந்துக்கு இரண்டு. போன வாரம் கேட்டிருந்தால் நாலு கொடுத்திருப்பேன். இந்த வாரம் புது ரிப்போர்ட் வந்திருக்கிறது, அதில் இயந்திர எண்ணையே மாற்றிப் போட்டிருக்கிறார்கள். திருத்தி அனுப்பச் சொன்னால், மறு சாம்பிள் அனுப்பச் சொல்கிறார்கள். கியர் பாக்ஸை இறக்கக் கிரேன் வாடகை கட்டியவர்களைக் கேட்டால் ஐந்துக்கு ஐந்து என்பார்கள். என்னைக் கேட்டீர்கள் அல்லவா தம்பி, இன்றைய தேதிக்கு வேண்டாம், காசைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஐப்பசி சாம்பிளுக்குப் புது பாட்டில்கள் வந்துவிட்டன, நாலைந்து அதிகமாகவே அனுப்பியிருக்கிறார்கள். வள்ளியூர் பக்கம் வந்தால் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் புது டிரம் ஆயிலைப் பிடித்து முதலில் அனுப்புங்கள்.