ஞானஸ்நானப் பதிவேடும் சென்சஸ் தாளும்: ஓர் ஐரிஷ் குடும்பத்தைத் தேட எது உதவும்?

நான் வாழ்க்கைப்பட்டது லிவர்பூலில் ஓர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில். மாமியாருக்கு எண்பது தாண்டிவிட்டது. அவருடைய பாட்டிக்குப் பாட்டி பிரிட்ஜெட், பஞ்ச காலத்தில் அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்றவர். குடும்பத்தில் எஞ்சியிருந்த சேதி அவ்வளவுதான். எந்த ஊர்க்காரர் என்பதை மட்டும் கண்டுபிடித்துத் தரும்படி மாமியார் என்னிடம் கேட்டார்.

நிலபுலன் இருந்தவர்களுக்கு உயில் இருக்கும், பத்திரம் இருக்கும், கோர்ட்டு வழக்காவது இருக்கும். துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்களுக்கும் மீன் விற்றவர்களுக்கும் அதெல்லாம் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் அவர்களுடைய பெயர் திரும்பத் திரும்ப எழுதப்பட்ட இடங்கள் முக்கியமாக இரண்டு. ஒன்று, பங்குக் கோயிலின், அதாவது அந்தந்தப் பகுதிக் கத்தோலிக்கர்களுக்கான கோயிலின் பதிவேடு. இன்னொன்று, பத்தாண்டுக்கு ஒருமுறை அரசாங்கம் எடுத்த சென்சஸ். மூன்று வருஷமாக இரண்டையும் புரட்டிக்கொண்டிருக்கிறேன். தொடங்குவதற்குச் சென்சஸ்தான் சுலபம். ஆனால் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் பதிவேட்டை எடுத்துக்கொள்வேன்.

சென்சஸில் குடும்பம் மொத்தமாகக் கிடைக்கும்

1851 மார்ச் 30 இரவு ஒரு கூரையின் கீழ் யார் யார் படுத்திருந்தார்களோ, அத்தனை பேரும் ஒரே தாளில் இருப்பார்கள். பெயர், குடும்பத் தலைவருக்கு என்ன உறவு, வயது, தொழில், பிறந்த இடம் எல்லாம் இருக்கும். அந்த ஆண்டு லிவர்பூலில் வசித்தவர்களில் அயர்லாந்தில் பிறந்தவர்கள் மட்டும் சுமார் 84,000 பேர். நூற்றுக்கு 22 பேர். அவர்களில் ஏழைகள் பலர் 'கோர்ட்' என்று அழைக்கப்பட்ட குடியிருப்புகளில் இருந்தார்கள். நம் ஊர் ஒண்டுக்குடித்தனத்தை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்: வெளிச்சம் இறங்காத ஒரு முற்றம், சுற்றிலும் ஒட்டி ஒட்டி வீடுகள், எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு கழிப்பறை. 1861இல் பிரிட்ஜெட்டின் வீட்டில் ஒன்பது பேர். அவர், கணவர், நான்கு பிள்ளைகள், வாடகைக்குத் தங்கியிருந்த மூன்று ஆண்கள். கணவர் துறைமுகக் கூலி. பிரிட்ஜெட்டின் தொழில் கட்டத்தில் ஒன்றுமே இல்லை. அத்தனை வருஷம் மீன் கூடை தூக்கியவர் அந்தத் தாளில் சும்மா இருந்தவராகத் தெரிகிறார். பெண்களின் வேலை இப்படி விடுபட்டுப்போவது அந்தக் காலத்துச் சென்சஸில் சர்வ சாதாரணம்.

இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். நாம் பார்ப்பது வீட்டில் நிரப்பிய தாள் கிடையாது. வீட்டுக்கு வீடு கொடுத்த படிவங்களைக் கணக்கெடுப்பாளர் திரும்ப வாங்கிப்போய் ஒரு புத்தகத்தில் பெயர்த்து எழுதினார். இங்கிலாந்தில் 1841 முதல் 1901 வரை மிஞ்சியிருப்பது அந்தப் புத்தகங்கள்தான். எழுதப் படிக்கத் தெரியாத வீட்டில் அவரே கேட்டு நிரப்பினார். அயர்லாந்து மேற்குக் கரைப் பேச்சு, லிவர்பூலைச் சேர்ந்திருந்த லங்காஷயர் மாவட்டக்காரர் காதில் எப்படி விழுந்ததோ அப்படியே எழுத்தானது. குடும்பப்பெயரின் முன்னால் இருந்த 'ஓ' பல இடங்களில் காணாமல் போனது. இன்றைக்கு அந்தக் கையெழுத்தைப் படித்துக் கணினியில் ஏற்றுபவர் மறுபடியும் ஒரு தவறு செய்வார். அதனால் குடும்பப்பெயரைப் போட்டுக் கிடைக்கவில்லை என்றால், பெயரை விட்டுவிட்டுத் தெருவைப் பிடித்து வீடு வீடாகப் படியுங்கள்.

வயதை நம்பவே வேண்டாம். பிரிட்ஜெட்டுக்கு 1851இல் வயது 28, 1861இல் 35, 1871இல் 50. ஏமாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பிறந்தநாள் கொண்டாடாத வாழ்க்கையில் வயது ஓர் உத்தேசம்தான். 1841 கணக்கெடுப்பில் இன்னும் மோசம்: 15 வயதுக்கு மேற்பட்டவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் கீழே இறக்கி எழுதச் சொல்லியிருந்தார்கள். 34 வயதுக்காரர் 30 ஆகிவிடுவார். உறவுமுறையும் அதில் இல்லை. பிறந்த இடத்துக்கு அயர்லாந்து என்றால் 'ஐ' என்று ஒற்றை எழுத்து. 1851 முதல் ஊர்ப் பெயர் கேட்டார்கள், ஆனால் அது இங்கிலாந்துக்காரர்களுக்குத்தான் பயன்பட்டது. ஐரிஷ்காரர்களுக்குப் பெரும்பாலும் 'அயர்லாந்து' என்றதோடு முடித்துவிட்டார்கள். மாமியார் கேட்ட ஒரே கேள்விக்கு அங்கே பதில் கிடையாது.

மதமும் கிடையாது. இங்கிலாந்து சென்சஸ் 2001 வரை மதத்தைக் கேட்கவே இல்லை. 1851இல் அதே மார்ச் 30, ஞாயிற்றுக்கிழமை, கோயில் கோயிலாகத் தலையை எண்ணினார்கள். யாருடைய பெயரையும் எழுதவில்லை. கல்யாணத்துக்கு முன் பெண்ணின் குடும்பப்பெயர் என்ன என்பதும் சென்சஸில் வராது. என்னை மிகவும் உறுத்தியது வேறொன்று. ஒரு கணக்கெடுப்பு முடிந்த பிறகு பிறந்து அடுத்தது வருவதற்குள் இறந்த குழந்தை சென்சஸைப் பொறுத்தவரை பிறக்கவே இல்லை. பிரிட்ஜெட்டுக்கு அப்படி மூன்று குழந்தைகள். பதிவேட்டைத் திறக்கும்வரை குடும்பத்தில் யாருக்கும் அது தெரியாது.

'ஓலிம்' என்ற ஒரு சொல்

லிவர்பூல் பங்குகளில் அச்சடித்த லத்தீன் படிவப் புத்தகங்கள் புழக்கத்துக்கு வந்த பிறகு ஒவ்வொரு ஞானஸ்நானப் பதிவும் ஒரே அச்சில் இருக்கும். பிறந்த நாள், ஞானஸ்நானம் கொடுத்த நாள், அப்பா பெயர், அம்மா பெயர். அம்மா பெயருக்குப் பக்கத்தில் 'ஓலிம்' என்று ஒரு சொல். 'முன்பு' என்று அர்த்தம். அதற்குப் பின்னால் அந்தப் பெண் பிறந்த வீட்டின் குடும்பப்பெயர். பிரிட்ஜெட்டுக்கு அந்த இடத்தில் 'கெல்லி' என்று இருந்தது. இதே காலத்து ஆங்கிலிக்கன் (இங்கிலாந்தின் அரசுத் திருச்சபை) ஞானஸ்நானப் பதிவேட்டில் அப்பாவின் தொழிலும் முகவரியும் உண்டு, அம்மாவின் பிறந்த வீட்டுப் பெயருக்கு இடமே இல்லை. கத்தோலிக்கப் பதிவேட்டில் நேர்மாறு: தொழில் தெரியாது, முகவரி பெரும்பாலும் தெரியாது, ஆனால் அம்மா வழி பிடிபடும்.

அதற்கும் கீழே இரண்டு வரி. 'பத்ரீனுஸ்', 'மத்ரீனா'. ஞானத்தகப்பனும் ஞானத்தாயும். என்னைக் கேட்டால் பதிவேட்டின் மொத்த மதிப்பும் இந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது. கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஞானப்பெற்றோராக யாரோ ஒருவரைக் கூப்பிட மாட்டோம். அக்கா, தம்பி, நாத்தனார், இல்லாவிட்டால் ஒரே ஊர்க்காரர். ஊரை விட்டு வந்து ஒண்டிக்கிடந்தவர்கள் யாரைத் தங்கள் மனிதர்களாக நினைத்தார்கள் என்பது அங்கே எழுதப்பட்டிருக்கிறது.

லத்தீன் கொஞ்சம் பழக வேண்டும். யாக்கோபுஸ் என்றால் ஜேம்ஸ், குலியெல்முஸ் என்றால் வில்லியம், பிரிகிடா நம் பிரிட்ஜெட். எவுகேனியுஸ் என்று எழுதப்பட்டவரை வீட்டில் ஓவன் என்று கூப்பிட்டிருப்பார்கள். ஹொனோராவைச் சென்சஸில் நோரா என்று தேட வேண்டும்.

பதிவேட்டின் குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 1754 முதல் 1837 நடுப்பகுதி வரை இங்கிலாந்தில் கத்தோலிக்கர் கல்யாணம் சட்டப்படி செல்ல வேண்டும் என்றால் ஆங்கிலிக்கன் கோயிலில்தான் நடக்க வேண்டும். அந்தக் காலத்துக் கல்யாணத்தைக் கத்தோலிக்கக் கோயிலில் தேடிக் கிடைக்கவில்லை என்று சோர்ந்துபோகிறவர்கள் அதிகம். அப்புறம், குடும்பம் வீடு மாறினால் பங்கும் மாறும். பிரிட்ஜெட்டின் ஏழு பிள்ளைகளின் ஞானஸ்நானம் மூன்று கோயில்களில் நடந்திருக்கிறது. சென்சஸ் முகவரி இல்லாமல் எந்தக் கோயிலில் தேடுவது என்றே தெரிந்திருக்காது.

பஞ்ச ஆண்டான 1847ஐப் படிக்கும்போது மட்டும் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். அந்த ஒரே ஆண்டில் சுமார் 3,00,000 ஐரிஷ் மக்கள் லிவர்பூலில் வந்து இறங்கினார்கள். கூடவே டைபஸ் காய்ச்சல் பரவியது. நிலவறைகளுக்குள் இறங்கி நோயாளிகளுக்கு அவஸ்தைப்பூசுதல் (சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசும் சடங்கு) கொடுத்த கத்தோலிக்கச் சாமியார்களில் பத்துப் பேர் அந்த ஆண்டிலேயே இறந்தார்கள். புனித பேட்ரிக் கோயிலில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் இருக்கிறது. பதிவேட்டை எழுதிய கைகளே அப்படி விழுந்த ஆண்டு அது. அந்தப் பக்கங்களில் விடுபட்டதையும் கிறுக்கலையும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிவில் பதிவு, அதாவது அரசாங்கத்தின் பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவு இருக்கிறதே என்று கேட்கலாம். இங்கிலாந்தில் 1837 ஜூலையிலேயே வந்துவிட்டது, உண்மை. ஆனால் பிறப்பைச் சொல்லாத பெற்றோருக்கு 1875 வரை தண்டனை கிடையாது. பல ஏழை வீடுகளில் குழந்தையைச் சில நாளிலேயே கோயிலுக்குத் தூக்கிப்போனார்கள்; பதிவாளரிடம் போகவில்லை. பிரிட்ஜெட்டின் இரண்டு பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் இருக்கிறது, பிறப்புப் பதிவு இல்லை.

வாடகைக்குத் தங்கியவர்

1861 சென்சஸில் தங்கியிருந்த மூன்று ஆண்களில் ஒருவர் பெயர் மைக்கேல் கெல்லி. உறவு என்ற கட்டத்தில் 'வாடகைக்குத் தங்கியவர்' என்றுதான் இருந்தது. இரண்டு வருஷம் அந்த வரியைத் தாண்டித் தாண்டிப் போயிருக்கிறேன். பதிவேட்டில் 'ஓலிம் கெல்லி' என்று பார்த்த பிறகுதான் உறைத்தது. ஆனால் கெல்லி என்பது அயர்லாந்தில் மூலைக்கு மூலை இருக்கும் பெயர். அதை மட்டும் வைத்து உறவு கொண்டாட முடியாது. பிள்ளைகளின் ஞானஸ்நானங்களைத் திரும்பப் படித்தேன். மூன்றில் பத்ரீனுஸ் மைக்கேல் கெல்லி. சரி, இவரைப் பின்தொடரலாம் என்று 1871 சென்சஸில் தேடினேன். அதற்குள் அவர் தனிக்குடித்தனம் போயிருந்தார். அவர் வீட்டில் பிரிட்ஜெட்டின் மூத்த மகள் இருக்கிறாள், உறவு 'தங்கை அல்லது அக்காள் மகள்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல். ஆக மைக்கேல் தாய்மாமன்தான். அவருடைய பிறந்த இடத்தில் அந்தத் தெருவின் கணக்கெடுப்பாளர், யார் பெற்ற பிள்ளையோ, 'அயர்லாந்து' என்பதோடு நிறுத்தாமல் 'மேயோ' என்று சேர்த்து எழுதியிருந்தார்.

மாவட்டம் கிடைத்துவிட்டது, ஊர் கிடைக்கவில்லை. மேயோவில் எத்தனை கெல்லி குடும்பங்கள்! மறுபடி பதிவேட்டுக்கே போனேன். மைக்கேலின் கல்யாணம் 1860களில் லிவர்பூலில் நடந்தது. சிவில் சான்றிதழில் அப்பாவின் பெயர் மட்டும். கோயிலின் லத்தீன் பதிவில் அம்மாவின் பெயரும், பிறந்த வீட்டுப் பெயரோடு.

கடல் தாண்டியதும் நிலைமை தலைகீழ்

அயர்லாந்துக்குள் போனால் ஒப்பிடுவதற்கே அதிகம் இல்லை. 1821 முதல் 1851 வரையிலான நான்கு சென்சஸ்களில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்து ஆவணக் காப்பகத்தில் எரிந்துபோனது. 1861, 1871 தாள்களை அரசாங்கமே முன்பே அழித்துவிட்டது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் காகிதக் கூழாகிவிட்டன. முழுதாக இருப்பதில் பழையது 1901 சென்சஸ். அரசுத் திருச்சபையாக இருந்த அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளிலும் பாதிக்கு மேல் அதே தீயில் போயின. கத்தோலிக்கப் பதிவேடுகளை அரசாங்கம் கேட்டு வாங்கவில்லை; அவை சாமியார்கள் தங்கும் பங்கு வீடுகளிலேயே கிடந்தன, அதனால் பிழைத்தன. அயர்லாந்து தேசிய நூலகம் அவற்றைப் படமெடுத்து 2015 முதல் இணையத்தில் இலவசமாகவே கொடுக்கிறது, பெரும்பாலும் 1880 வரை. மேற்குப் பக்கம் பல பங்குகளில் ஏடு தொடங்குவதே பிந்தித்தான். மைக்கேலின் ஞானஸ்நானம் போல ஒன்று இரண்டு பங்குகளில் கிடைத்தது. எது நம்மவர் என்று தீர்மானிக்க முடியாமல் நின்றேன்.

உதவிக்கு வந்தது எரிந்துபோன சென்சஸேதான். 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு முதியோர் ஓய்வூதியம் கொடுக்க ஆரம்பித்தார்கள், வாரம் 5 ஷில்லிங். அயர்லாந்தில் எல்லாருக்குமான பிறப்புப் பதிவு 1864இல்தான் தொடங்கியது. எழுபது வயதுக்காரரிடம் சான்றிதழ் ஏது? அதனால் 1841, 1851 சென்சஸில் தன் பெற்றோர் வீட்டைத் தேடிப் பார்க்கும்படி விண்ணப்பித்தார்கள். பெற்றோர் பெயரையும் ஊரையும் எழுதிக் கொடுத்த அந்தப் படிவங்கள் தீயில் போகாமல் இருக்கின்றன. மேயோ படிவங்களில் ஒரு கிழவி: 1841இல் இரண்டு வயது, அப்பா கெல்லி, அம்மா பெயர் லிவர்பூல் லத்தீன் பதிவில் பார்த்த அதே பெயர், பிறந்த வீட்டுப் பெயர் உட்பட. ஊரை விட்டுப் போகாத கடைசித் தங்கை. ஊர்ப் பெயர் படிவத்தில் தெளிவாக இருந்தது. இரண்டு பங்குகளில் ஒன்றுக்குள்தான் அந்த ஊர் வருகிறது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். மைக்கேலுக்கு இன்னொரு தம்பி இருந்ததாகப் பதிவேடு காட்டுகிறது. எந்தச் சென்சஸிலும் இல்லை. கிழக்கிந்தியக் கம்பெனிப் பட்டாளத்தில் ஐரிஷ் கத்தோலிக்கக் கூலிக்காரப் பிள்ளைகள் ஏராளமாகச் சேர்ந்தார்கள்; அவரும் அப்படிப் போயிருக்கலாம். மெட்ராஸ் மாகாணத்தில் பதிவான ஐரோப்பியர்களின் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டு இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. அடுத்து அவற்றைப் பார்க்கப்போகிறேன்.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு: 1881 இங்கிலாந்து சென்சஸ் ஃபேமிலிசெர்ச் தளத்தில் இலவசம், அதிலிருந்து பின்னோக்கிப் போங்கள். லங்காஷயர் கோயில் பதிவுகள் பலவற்றைத் தன்னார்வலர்கள் படித்து 'லங்காஷயர் ஆன்லைன் பாரிஷ் கிளார்க்ஸ்' தளத்தில் இலவசமாக ஏற்றியிருக்கிறார்கள். கிடைத்த ஒவ்வொரு ஞானஸ்நானத்திலும் பத்ரீனுஸ், மத்ரீனா பெயர்களை அன்றைக்கே தனி நோட்டில் எழுதி வையுங்கள். நான் முதல் இரண்டு வருஷம் எழுதாமல் விட்டேன். பிறகு ஏழு பதிவுகளையும் திரும்பத் தேட வேண்டியதாயிற்று.