மண்ணா, டர்ஃபா, நீச்சல் குளமா? ஒரு வார்டு மைதானத்தின் கணக்கு

எங்கள் வார்டில் மைதானம் ஒன்றுதான். வடசென்னைக்காரர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. விடியற்காலையில் நடைப்பயிற்சி, ஆறு மணிக்குக் கால்பந்துப் பிள்ளைகள், வெயில் ஏறினால் கிரிக்கெட், சாயங்காலம் கபடி, ராத்திரியில் பந்தல் சாமான் இறக்கும் லாரி, எல்லாம் அந்த ஒரே இடத்தில். அதைச் சீரமைக்கப் பணம் வரப்போகிறது என்ற பேச்சு கிளம்பியதிலிருந்து தெருவில் இரண்டு கட்சி. டர்ஃப் என்கிற செயற்கைப் புல்லைப் போடச் சொல்கிறவர்கள் ஒரு பக்கம், மண்ணே இருக்கட்டும் என்பவர்கள் மறுபக்கம். இடையில் நீச்சல் குளம் கேட்பவர்களும் உண்டு. நான் இந்த மண்ணில் ஆடி வளர்ந்தவன். இப்போது என் மகள் இங்கே பந்து உதைக்கிறாள். ஒதுங்கி நின்று பேச என்னால் ஆகாது. ஆனாலும் ஒவ்வொரு பக்கத்து நியாயத்தையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

டர்ஃப் கேட்பவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் மைதானம் குட்டையாகிவிடும். மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் கோல் கம்பத்துக்கு முன்னால் சேறு காயாது. பையன்கள் பழைய பெயிண்ட் டப்பாவைப் பாதியாக வெட்டி, தண்ணீரை மொண்டு மொண்டு மதில் ஓரம் ஊற்றுவார்கள். மிச்சத்தைக் கோணிப்பை போட்டு ஒற்றி எடுப்பார்கள். அதற்குள் பள்ளிக்கு நேரமாகிவிடும். அடியில் ஒழுங்காக வடிகால் வைத்துப் போட்ட டர்ஃபில் மழை நின்ற சற்று நேரத்திலேயே ஆடலாம். புழுதி பறக்காது. பந்து எங்கே விழுந்தாலும் ஒரே மாதிரி எழும்பும். வேலை முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு வரும் பையன்களுக்கு இது பெரிய வரம்தான்.

வெயில் வந்ததும் கதை மாறும். டர்ஃப் என்பது பிளாஸ்டிக் இழை. கால்பந்துக்குப் போடுவதில் இழையின் உயரம் பெரும்பாலும் 40 முதல் 60 மில்லிமீட்டர். இழை சாயாமல் நிற்க, இடையில் மணலும், பழைய டயரை அரைத்த கருப்பு ரப்பர் தூளும் கொட்டுகிறார்கள். வெயிலை அப்படியே வாங்கி வைத்துக்கொள்வது அந்த ரப்பர்தான். 2015-ல் கனடாவில் நடந்த மகளிர் உலகக் கோப்பையில் ஆறு மைதானங்களிலும் செயற்கைப் புல். முன்னணி வீராங்கனைகள் அதை எதிர்த்து முந்தைய ஆண்டே வழக்குத் தொடுத்தார்கள், பிறகு திரும்பப் பெற்றார்கள். போட்டி தொடங்கியபோது தரையின் சூடு செய்தியானது. கனடாவுக்கே அந்த நிலை என்றால் நம் அக்னி நட்சத்திரத்துக்கு என்ன சொல்வது? போன மே மாதம் ஒரு வாடகை டர்ஃபுக்கு மகளைக் கூட்டிப்போனேன். மணி மூன்று. ஷூவைக் கழற்றிய ஒரு சின்னப் பையன் நாலு அடி வைப்பதற்குள் துள்ளிக் குதித்துச் சுவரோர நிழலுக்கு ஓடிவிட்டான். வீட்டுக்கு வந்து மகளின் சாக்ஸை உதறினால் வாசற்படி முழுக்கக் கருப்பு மணிகள். அவை நேராகச் சாக்கடைக்குத்தான் போகும். வேண்டுமென்றே சேர்க்கப்படும் நுண்பிளாஸ்டிக்குக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது இந்த ரப்பர் தூளையும் அதில் சேர்த்து, மாற்றிக்கொள்ள 8 ஆண்டு அவகாசம் கொடுத்தது.

ஆயுள் கணக்கும் உண்டு. நன்றாகப் பார்த்துக்கொண்டால் ஒரு டர்ஃப் எட்டு, பத்து வருடம் தாங்கும். அதுவும் சும்மா தாங்காது. சாய்ந்த இழையை அடிக்கடி வாரிவிட வேண்டும், தூள் குறைந்த இடத்தில் திரும்ப நிரப்ப வேண்டும், பிரிந்த தையலை ஒட்ட வேண்டும். அதன் பிறகு முழுசாகப் பிய்த்துவிட்டு வேறு போட வேண்டும். திறப்பு விழாவுக்குப் பணம் கிடைத்துவிடும். ஒன்பதாவது வருடத்துக்கு யார் ஒதுக்குவார்கள்?

மண் பக்கம் வருகிறேன். இந்த வாக்குவாதத்தில் எல்லோரும் ஒரு தப்பு செய்கிறோம். புத்தம் புது டர்ஃபையும், இருபது வருடமாக யாரும் கை வைக்காத மண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். டர்ஃபுக்குச் செலவழிப்பதில் ஒரு பங்கை மண்ணுக்குச் செலவழித்தால் எப்படி இருக்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. மேல் மண்ணைச் சுரண்டி, ஜல்லி, மணல், சலித்த செம்மண் என்று அடுக்கு அடுக்காகப் போட்டு ரோலர் ஓட்ட வேண்டும். நடுவில் சற்று மேடு வைத்து நூறடிக்கு ஓரடி என்று ஓரங்களுக்குச் சரிவு கொடுத்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும். சுற்றிலும் கால்வாய் வெட்டி மழைநீர் சேகரிப்புக் கிணற்றில் விட்டால் தெருவுக்கே நல்லது. தை பிறந்ததும் ஒரு தடவை மண் கொட்டிச் சமன் செய்ய வேண்டும். அந்த வேலைக்கு வெளிநாட்டுச் சாமான் எதுவும் வேண்டாம், உள்ளூர் ஆட்களே போதும். முக்கியமாக, மண்ணில் கால்பந்தும் ஆடலாம், கபடியும் ஆடலாம், சிலம்பமும் சுற்றலாம், பாட்டிகள் செருப்போடு நடக்கலாம். டர்ஃப் போட்டதும் வலை கட்டுவார்கள், வலை கட்டினால் கதவு வைப்பார்கள், கதவு வைத்தால் பூட்டு வரும். பாட்டி வெளியே நிற்பார்.

பூட்டுக்குப் பின்னால் கட்டணம் வரும் என்பதைச் சென்னை கண்ணால் பார்த்துவிட்டது. 2024 அக்டோபரில், மாநகராட்சியின் 9 செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வசூலிக்க மாமன்றத்தில் தீர்மானம் போட்டார்கள். பக்கத்துக்கு ஏழு பேர் என்றால் பதினான்கு பேர், ஒரு மணி நேரத்துக்கு 1,680 ரூபாய். தினமும் ஆடுகிற பிள்ளைக்கு மாதம் 3,600. கூலி வேலைக்குப் போகும் வீட்டில் இந்தத் தொகைக்கு அரிசி வரும், மளிகை வரும். எதிர்ப்பு பலமாகக் கிளம்பியதும் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றார்கள், நல்ல வேளை. பட்டியலில் வியாசர்பாடித் திடலும் இருந்தது. வியாசர்பாடியைக் குட்டி பிரேசில் என்று ஊரே சொல்லும். தொண்ணூறுகளின் கடைசியிலிருந்து அங்கே அந்தப் பகுதி இளைஞர்களே பிள்ளைகளுக்கு இலவசமாகப் பந்து சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிடம் மணிக்கு 120 கேட்டிருந்தால் மைதானம் இருந்த இடத்திலேயே இருந்திருக்கும், ஆடத்தான் ஆள் இருந்திருக்காது.

தனியாரிடம் விட்டால் பராமரிப்பு நன்றாக இருக்கும் என்பவர்களுக்குச் சிங்கப்பூரைக் காட்டுவேன். அங்கே பெரிய விளையாட்டு மையத்தை 2010-ல் 25 வருட ஒப்பந்தத்தில் தனியார் கூட்டமைப்பிடம் கொடுத்தார்கள். 2022 டிசம்பரில் பாதி வழியிலேயே அரசு அதைத் திரும்ப எடுத்துக்கொண்டது. மக்கள் இன்னும் தாராளமாக வந்து பயன்படுத்த வேண்டும் என்பதே சொல்லப்பட்ட முக்கியக் காரணம். காசும் நிர்வாகமும் குறைவில்லாத ஊர் அது. நம் அரசியலமைப்பில் 1992-ல் வந்த 74-வது திருத்தம், பன்னிரண்டாவது அட்டவணையில் பூங்காவையும் விளையாட்டுத் திடலையும் நகராட்சி அமைப்புகளின் பணிகளில் ஒன்றாக எழுதி வைத்திருக்கிறது. தெருவிளக்குக்கு மணிக் கணக்கில் நாம் காசு கொடுப்பதில்லை. திடலும் அப்படித்தான்.

எல்லாச் செயற்கைத் தரையும் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கபடியில் என் கருத்து நேர்மாறு. பெரிய போட்டிகள் எல்லாம் இப்போது மேட் என்கிற செயற்கை விரிப்பின் மேல்தான் நடக்கின்றன. மண்ணிலேயே பழகிய பிள்ளை முதல் தடவை அந்த மேட் மேல் ஷூ போட்டு இறங்கினால் கால் பிடி கிடைக்காமல் திணறும். கண்ணகி நகரில் வளர்ந்த கார்த்திகா 2025-ல் பஹ்ரைனில் நடந்த இளையோர் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடியபோது எத்தனை வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்! அவர் வழியில் வருகிற பிள்ளைகளுக்கு மேட் கட்டாயம் வேண்டும். பெண்கள் ஆடுகளம் 12 மீட்டருக்கு 8 மீட்டர். ஒரு கூரை போட்ட ஹாலுக்குள் அடங்கிவிடும், மற்ற நேரத்தில் கழற்றி ஓரமாக அடுக்கிவிடலாம். அதே ஹாலில் நாலு கேரம் போர்டு போடலாம். 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா வடசென்னைப் பெண். கேரத்துக்கு அர்ஜுனா விருது வாங்கிய மரிய இருதயமும் சென்னைக்காரர். ஒரு போர்டு, ஒரு விளக்கு, கொஞ்சம் பவுடர். இவ்வளவு குறைந்த செலவில் உலக சாம்பியனை உருவாக்குகிற ஆட்டம் வேறு எது?

நீச்சல் குளம் கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை, அளவில்தான் சண்டை. அவர்கள் மனதில் இருப்பது வேளச்சேரி வளாகம். 1995 தெற்காசியப் போட்டிக்காகக் கட்டிய அது போட்டிக்குரிய குளம். 50 மீட்டர் நீளம், 25 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்று ஒரு குளம் வெட்டினால் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். 12,000 லிட்டர் லாரியில் இருநூறு நடைக்கு மேல். 2019 கோடையில் குடத்தோடு வரிசையில் நின்றவர்களிடம் இதைப் போய்ச் சொல்ல முடியுமா? 12 மீட்டருக்கு 6 மீட்டர், இடுப்பளவு ஆழத்தில் ஒரு பயிற்சிக் குளம் கட்டினால் 65,000 லிட்டர், அதாவது ஐந்தாறு லாரி. மேலே ஷீட் போட்டால் ஆவியாவதும் குறையும், குளோரினும் வெயிலில் வீணாகாது. சின்னக் குளம் என்று தண்ணீர்ப் பரிசோதனையில் அலட்சியம் கூடாது. குளோரின் 1-லிருந்து 3 பிபிஎம் (லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம்), தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பிஎச் 7.2-லிருந்து 7.8 என்று தினமும் பார்த்துக் கரும்பலகையில் எழுத வேண்டும்.

சின்னக் குளத்தில் பதக்கம் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் உயிர் நிற்கும். 2021-ல் உலகம் முழுக்க நீரில் மூழ்கி இறந்தவர்கள் சுமார் 3 லட்சம் பேர் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆறு வயதுக்கு மேல் பள்ளிப் பிள்ளைகளுக்கு அடிப்படை நீச்சல் கற்றுக்கொடுங்கள் என்று அதே நிறுவனம் சொல்கிறது. வங்கதேசத்தில் கிராமத்துக் குளத்திலேயே மூங்கிலால் மேடையும் தடுப்பும் கட்டிக் கற்றுக்கொடுக்கிறார்கள். நம் பிள்ளைகள் ஏரிக்கும் கல்குவாரிக்கும் கடலுக்கும் போகத்தான் செய்வார்கள், போகாதே என்றால் கேட்கிற வயதா? மிதக்கவும், திரும்பிக் கரை பிடிக்கவும் தெரிந்தால் போதும். ஒரு வகுப்புக்கு இருபது பேர், நாளைக்கு எட்டு வகுப்பு என்றால் சுற்றியுள்ள மாநகராட்சிப் பள்ளிகளில் தினமும் 160 பிள்ளைகள் இறங்கலாம். அதனால் இதை ஒரு வார்டுக்கு என்று கேட்காமல், நாலைந்து வார்டுக்குப் பொதுவாக, ஒரு பள்ளி வளாகத்தில் கேட்பதுதான் சரி.

என் மகள் அணியில் போன வருடம் பதினொரு பெண் பிள்ளைகள் இருந்தார்கள், இப்போது ஆறு. ஏன் வரவில்லை என்று ஒரு பிள்ளையின் அம்மாவிடம் கேட்டேன். "டர்ஃபும் வேணாம், ஒண்ணும் வேணாம்ணா. ஆறு மணிக்கு மேல இருட்டு. அவசரத்துக்கு ஒதுங்க இடமில்ல. ரெண்டு பேரு துப்பட்டாவ பிடிச்சுக்க, ஒருத்தி ஜெர்சி மாத்துது. வயசுக்கு வந்த பொண்ண எப்படி அனுப்புறது?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. கழிவறை கட்டியிருக்கிறது. கதவில் பூட்டு தொங்குகிறது. சாவி வாட்ச்மேனிடம், அவர் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார்.

வார்டு மக்கள் கூடிக் குறை சொல்லும் அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் பேச நாலு வரி எழுதி வைத்திருக்கிறேன். நாலு கம்பத்தில் எல்இடி விளக்கு, இரவு ஒன்பது வரை. பெண்களுக்கு உடைமாற்றும் அறையும் தண்ணீர் வரும் கழிவறையும். மழைக்கு முன்னால் சரிவும் கால்வாயும். பணம் மிஞ்சினால் ஹாலும் கபடி மேட்டும். விளக்கு வருவதற்குச் சில மாதம் ஆகலாம், பொறுத்துக்கொள்கிறோம். கழிவறைச் சாவியை மட்டும் அன்றைக்கே பிள்ளைகளின் கோச்சிடம் ஒன்று கொடுங்கள் என்று கேட்கப் போகிறேன்.