ஃபாகரா, ஜெல்லா, சோப்புத் தண்ணீரா: எந்தப் பூச்சிக்கு எது உண்மையில் வேலை செய்கிறது?

ராத்திரி தண்ணீர் குடிக்கப் போய் சமையலறை லைட்டைப் போட்டதும் நாலைந்து கரப்பான்கள் ஆளுக்கொரு பக்கம் சிதறி ஓடினால், மறுநாளே கையில் கிடைத்த மருந்தை வாங்கி அடித்துவிடத்தான் தோன்றும். நான் முதலில் வாங்கியது ஃபாகர், அதாவது அழுத்தினால் மருந்து முழுவதையும் புகைபோலப் பீய்ச்சுகிற டப்பா. நடு அறையில் வைத்து அழுத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு சில மணி நேரம் வெளியே போய்விட்டு வந்தால் வீடு முழுக்கச் சுத்தமாகிவிடும் என்று நம்பினேன். திரும்பி வந்தபோது தரையில் ஒன்பது கரப்பான்கள் மல்லாந்து கிடந்தன, பார்க்கத் திருப்தியாக இருந்தது. நாலாம் நாள் ராத்திரி லைட்டைப் போட்டேன், பழையபடியே ஓட்டம்.

அன்றைக்குத்தான் டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து நிதானமாகத் தேடினேன். சிங்க்குக்குக் கீழே இருக்கிற அலமாரிக் கதவின் கீலைச் சுற்றி மிளகுத்தூள் சிந்தியதுபோல எச்சம். கீலுக்குள் ஒரு கம்பியை விட்டு லேசாக அசைத்ததும் அரிசி நீளம்கூட இல்லாத குஞ்சுகள் கொட்டின. கதவின் வெளிப்பக்கத்தில் விரலை வைத்தால் மருந்துப் படலம் பிசுபிசுவென ஒட்டியது, குஞ்சுகள் குடியிருந்த கீலின் உட்புறமோ காய்ந்து சுத்தமாக இருந்தது. அதற்கப்புறம் எந்த மருந்தைப் பற்றிக் கேட்டாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: இது அந்தக் கீலுக்குள் போகுமா, போகாதா?

ஃபாகர் போகாது. அது மருந்தை மேல்நோக்கிப் பீய்ச்சும், நுண்ணிய துளிகள் கொஞ்ச நேரம் காற்றில் மிதந்துவிட்டு அப்படியே கீழே இறங்கிப் படியும். தரை, மேஜை, படுக்கை விரிப்பு, குழந்தையின் விளையாட்டுச் சாமான் என்று திறந்து கிடக்கிற எல்லாவற்றின் மேலும் மருந்து விழும். கரப்பான் பகல் முழுக்க ஒளிந்திருக்கிற இடுக்கில் மட்டும் விழாது. போதாக்குறைக்கு, பெரும்பாலான ஃபாகர்களில் இருப்பது பைரத்ராய்டு வகை மருந்து, வீட்டுக்குள் பெருகுகிற ஜெர்மன் கரப்பான் வகைக்குப் பல இடங்களில் அந்த மருந்தைத் தாங்குகிற எதிர்ப்புச் சக்தி வந்துவிட்டது. அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆட்கள் குடியிருக்கிற வீடுகளிலேயே நாலு வகை ஃபாகர்களைப் போட்டுப் பார்த்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். கரப்பான் எண்ணிக்கை குறையவே இல்லை. ஆனால் வீட்டுப் பரப்புகளில் படிந்த மருந்தின் அளவு சராசரியாக 600 மடங்கு வரை ஏறியிருந்தது. மருந்து கலந்த தீனிப் பசையான ஜெல்லை வைத்த வீடுகளில் கரப்பான் நன்றாகவே குறைந்தது. பூச்சிக்குப் போக வேண்டிய மருந்து அந்த வீட்டில் தவழ்கிற குழந்தையின் உள்ளங்கைக்குப் போகிறது என்பதுதான் இதில் எனக்குத் தாங்க முடியாத விஷயம்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. ஃபாகரில் மருந்தை வெளியே தள்ளுவது பெரும்பாலும் எரியக்கூடிய வாயு. சீக்கிரம் சாகட்டும் என்று ஒரு சின்ன அறையில் மூன்று நாலு டப்பாக்களைத் திறந்துவிட்டு, அடுப்பில் எப்போதும் எரிகிற சின்னப் பைலட் சுடரையோ ஃபிரிட்ஜையோ அணைக்க மறந்துவிட்டால், ஒரு பொறி போதும், ஜன்னல் பெயர்ந்து போகும். அப்படி வெடித்த வீடுகள் உண்டு. 2001 முதல் 2006 வரை அமெரிக்காவின் எட்டு மாநிலங்களில் மட்டும் ஃபாகரால் 466 பேருக்கு உடல்நலக் கேடோ காயமோ ஏற்பட்டதாக அந்த நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2008-ல் கணக்குச் சொன்னது. வெளியேறத் தாமதமானவர்கள், சீக்கிரம் திரும்பி வந்தவர்கள், அளவுக்கு மேல் போட்டவர்கள் அதில் நிறைய.

சரி, ஜெல்லுக்கு வருவோம். இதில் மருந்து கரப்பானைத் தேடிப் போவதில்லை, கரப்பான் வந்து தின்றுவிட்டுத் தன் இடுக்குக்கே மருந்தைக் கொண்டுபோகிறது. ஃபிப்ரோனில், இண்டாக்ஸாகார்ப் மாதிரியான மருந்துகள் உடனே கொல்லாமல் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வது இதற்கு வசதி. தின்ற கரப்பான் கூட்டத்துக்குள் போய்ச் சாகும், அதன் எச்சத்தையும் செத்த உடலையும் மற்றவை தின்னும், வெளியே வரவே வராத குஞ்சுகளுக்கும் இப்படித்தான் மருந்து போய்ச் சேருகிறது. ஜெர்மன் கரப்பானின் ஒரு முட்டைக்கூட்டில் 30 முதல் 40 முட்டைகள் இருக்கும், தாய் அதைப் பொரிகிற நேரம் வரை வாலிலேயே சுமந்து திரியும். அதனால் குஞ்சுகளைத் தொடாத எந்த வைத்தியமும் ரெண்டு மூன்று மாதத்தில் பழைய கதைக்கே கொண்டுவந்து விடும்.

ஆனால் ஜெல்லை வைக்கத் தெரிய வேண்டும். நீளமாகக் கோடு இழுத்தால் காய்ந்து வீணாகும். மிளகு அளவுக்குச் சின்னப் பொட்டு, அதையும் எச்சம் தெரிகிற இடங்களில்: கீல், இழுப்பறையின் அடிப்பக்கம், ஃபிரிட்ஜின் பின்னால் மோட்டார் சூடு படுகிற மூலை, குழாய் சுவருக்குள் நுழைகிற ஓட்டை. பக்கத்திலேயே எண்ணெய்ப் பிசுக்கும் சிந்திய சாப்பாடும் இருந்தால் ஜெல்லை எது தின்னும்? அப்புறம் முக்கியமாக, ஜெல் வைத்த இடத்தில் ஸ்பிரே அடிக்கவே கூடாது. ஸ்பிரே வாடை பட்டால் கரப்பான் அந்த ஜெல் பக்கமே வராது. இந்தத் தப்பை நானே செய்து ரெண்டு வாரத்தைக் கோட்டை விட்டேன். சில ஜெர்மன் கரப்பான் கூட்டங்களுக்கு குளுக்கோஸ் கசக்கிற மாதிரி நாக்கே மாறிப்போயிருக்கிறது என்பதும் நிரூபணமான விஷயம், அதனால் பத்து நாளாகியும் ஒரு ஜெல்லைத் தொடவில்லை என்றால் வேறு ஜெல்லுக்கு மாறிவிடலாம்.

ஸ்பிரே கண்ணெதிரே ஓடுகிற ஒன்றைக் கொல்லும், அவ்வளவுதான். அந்த வேலைக்கு நான் இப்போது சோப்புத் தண்ணீரையே வைத்திருக்கிறேன். நேராக மேலே பட்டால் சோப்பு பூச்சியின் மூச்சுத் துளைகளுக்குள் இறங்கி அடைத்துவிடும், துடைத்துவிட்டால் தரையில் எதுவும் மிச்சமிருக்காது. காய்ந்த சோப்புத் தண்ணீருக்கு எந்தச் சக்தியும் கிடையாது, அதனால் மூலை முடுக்கெல்லாம் தெளித்துவைப்பது வீண் வேலை.

வீட்டுச் சாமான்களில் உருப்படியானது என்றால் போரிக் பவுடர்தான். கரப்பான் அதன் மேல் நடந்து, காலிலும் மீசையிலும் ஒட்டியதை நக்கிச் சாகும், ஈரம் படாதவரை மாதக்கணக்கில் வீரியம் குறையாது. எல்லோரும் செய்கிற தப்பு குவித்து வைப்பது. குவியலைப் பார்த்தால் கரப்பான் சுற்றிக்கொண்டு போய்விடும், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கிற மெல்லிய தூவல்தான் வேண்டும். இதுவும் விஷம்தான், குழந்தைகளோ பூனை நாயோ எட்டுகிற இடத்தில் தூவாதீர்கள்.

எறும்புக்கு நியாயம் வேறு. வினிகரும் சோப்பும் அது போட்டுவைத்த வாசனைத் தடத்தை அழிக்கும், வரிசை கொஞ்ச நேரம் தடுமாறும், புற்றுக்கு ஒன்றும் ஆகாது. ஸ்பிரே இன்னும் மோசம், ஃபாரோ எறும்பு மாதிரி சில வகைகள் மருந்து பட்டதும் கூட்டம் பிரிந்து நாலு இடத்தில் புதிதாகக் குடியேறும். சர்க்கரைத் தண்ணீரில் 1 சதவீதம் அளவுக்கு மட்டும் போரிக் அமிலம் கலந்து பஞ்சில் நனைத்து அது வருகிற வழியில் வைத்தால், வேலைக்கார எறும்புகள் சாவதற்கு முன்னால் அதை ராணிவரைக்கும் கொண்டுபோய் ஊட்டும். அதிகம் கலந்தால் வழியிலேயே செத்துவிடும். பஞ்சில் எறும்பு மொய்க்கிறதே என்று முதல் ரெண்டு நாள் பதறாதீர்கள், மொய்த்தால்தான் வேலை நடக்கிறது.

மூட்டைப்பூச்சிதான் ஆட்களை அவசரத்துக்குத் தள்ளுகிறது. தூக்கம் கெட்டு, உடம்பெல்லாம் தடித்து, யாரிடமும் சொல்லக் கூச்சப்பட்டு, கடைசியில் மண்ணெண்ணெயையும் ஸ்பிரிட்டையும் மெத்தையில் ஊற்றுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். மெத்தை தீப்பிடித்து வீடே எரிந்த சம்பவங்கள் உண்டு, அவ்வளவு செய்தும் தையலுக்குள் இருக்கிற முட்டை தப்பிவிடும். ஃபாகர் இங்கேயும் உதவாது. ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் 2012-ல் மூன்று ஃபாகர்களைச் சோதித்தபோது, மெல்லிய மறைப்புக்கு அடியில் ஒளிந்த மூட்டைப்பூச்சிகளுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை.

மூட்டைப்பூச்சிக்குச் சரியான ஆயுதம் சூடு. முட்டையோடு சேர்த்து 50 டிகிரி செல்சியஸுக்கு மேலான சூட்டை அது வெகு நேரம் தாங்காது. துணி, உறை, போர்வை எல்லாவற்றையும் 60 டிகிரியில் துவைத்து, டிரையர் இருந்தால் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். மெத்தையை வெயிலில் போட்டால் மேல்பக்கம் சுடும், பூச்சி அடிப்பக்கத்துக்கு நகர்ந்துகொள்ளும். கட்டில் மூட்டுகளுக்கு இயந்திரத்தால் மெதுவாக, நின்று நிதானித்து நீராவி காட்டுங்கள், மெத்தையை முழுதாக மூடுகிற ஜிப் உறை போடுங்கள். ரெண்டு அறைக்கு மேல் பரவியிருந்தால் தொழில்முறை ஆட்களைக் கூப்பிடுவதுதான் நல்லது.

பூச்சியை ஒலியால் விரட்டும் என்று விற்கிற அல்ட்ராசவுண்ட் கருவிக்குக் காசு செலவழிக்க வேண்டாம், கரப்பான் அதைச் சட்டை செய்வதில்லை. சாக்கடைக் குழாயில் பிளீச்சோடு வினிகரையோ அமோனியா கலந்த கிளீனரையோ சேர்த்து ஊற்றுகிறவர்களைப் பார்க்கிறேன். வினிகர் சேர்ந்தால் குளோரின், அமோனியா சேர்ந்தால் குளோரமின், ரெண்டு வாயுவும் நுரையீரலைப் பதம் பார்க்கும்.

எது வைத்தாலும் சிங்க்குக்கு அடியிலும் ஃபிரிட்ஜுக்குப் பின்னாலும் ஒரு பசை அட்டை வைத்து, தேதி எழுதி, வாரம் ஒருமுறை எண்ணிப் பாருங்கள். என் சமையலறையில் ஜெல் வைத்த முதல் வாரம் 23, மூன்றாவது வாரம் 6, ஏழாவது வாரம் ஒரே ஒரு குஞ்சு. அந்தக் கீலை மட்டும் இப்போதும் மாதம் ஒருமுறை டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.