நைட்ரஜன் டை ஆக்சைடு அளக்கும் டிஃப்யூஷன் குழாய்: விலை குறைவு, பொறுமை அதிகம் வேண்டும்

வாகனப் புகையில் வரும் இந்த வாயு தானாகவே பரவிக் குழாய்க்குள் போகும் (அதுதான் டிஃப்யூஷன்); பேட்டரி, பம்ப் எதுவும் கிடையாது. சுமார் 7 செ.மீ. நீள அக்ரிலிக் குழாய். மேல் மூடிக்குள், வாயுவைப் பிடித்துவைக்கும் ட்ரைஎத்தனாலமைன் என்ற வேதிப்பொருள் தடவிய எஃகு வலை. தெருக்கம்பத்தில் 2 முதல் 4 மீட்டர் உயரத்தில் செங்குத்தாகக் கட்டி, கீழ் மூடியை மட்டும் கழற்றுங்கள். சுமார் 4 வாரம் கழித்துக் குழாயை மூடி, ஆய்வகத்துக்கு அனுப்பவேண்டும். திறந்த, மூடிய நேரத்தைக் குறிக்காவிட்டால் கணக்கே வராது.

சுவரோடு ஒட்டினால் அளவு குறையும். பலத்த காற்று குழாயின் வாய்க்குள் சுழன்றால் கூடும். அதனால்தான் பிரிட்டன் நகராட்சிகள் கண்காணிப்பு நிலையக் கருவியோடு ஒப்பிட்டுத் திருத்துகின்றன.

பெரிய குறை: ஆஸ்துமாக்காரருக்கு மூச்சிரைப்பைத் தூண்டும் மாலை நெரிசல் உச்சம் இதில் தெரியாது, சராசரி மட்டும்தான். உலக சுகாதார அமைப்பு 2021இல் சொன்ன ஆண்டு அளவான கன மீட்டருக்கு 10 மைக்ரோகிராமோடு ஒப்பிட ஒரு மாதக் குழாய் போதாது. ஆய்வகம் ஒப்பிட்டுப் பார்க்க, திறக்காத குழாய் ஒன்றையும் ஃபிரிட்ஜில் வைத்துச் சேர்த்தனுப்புங்கள்.